மாட்டுத்தொட்டியா, வள்ளமா? வன்னி ஆறுகளில் மரப்படகு ஓடியதா?

#1 பாலியாற்றான்

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவன், இன்றுதான் எழுதுகிறேன்.

வவுனிக்குளத்துக்குக் கீழே எங்கள் வளவில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற மரத்தொட்டி ஒன்று கிடக்கிறது. பதினொரு அடி நீளம், நடுவில் இரண்டே கால் அடி அகலம். ஒரே மரத்தைக் குடைந்தது. ஒரு முனை வாழைப்பூ மாதிரிக் கூராகி மேலே வளைகிறது. மறுமுனையை வாளால் அறுத்து, பலகை அடித்து, தார் பூசி அடைத்திருக்கிறார்கள். போர் முடிந்து 2010 இல் நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவுநிலை இல்லை, கிணற்றுக் கப்பியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இந்தத் தொட்டி மட்டும் பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்தது. எவருக்கும் தேவைப்படவில்லை போலும்.

போன கிழமை தேய்த்துக் கழுவும்போதுதான் பார்த்தேன். விளிம்பு நெடுக, நான்கு விரல் இடைவெளியில், சின்னச் சின்னத் துளைகள். இரண்டு பக்கமும் அப்படியே. மாடு தண்ணீர் குடிக்க எதற்கு இத்தனை துளை? அம்மப்பா இருந்தால் கேட்டிருப்பேன். அம்மாவைக் கேட்டால் "அது எப்பவும் அங்கதான் கிடந்தது" என்பதோடு முடிந்தது.

இது வள்ளமாக இருக்குமா? எங்கள் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பாலியாற்றில் முன்பு வள்ளம் ஓடியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மருதோடை

பாலியாற்றில் வள்ளமா? ஆவணி மாதத்தில் அந்த ஆற்று மணலில் நாங்கள் மூன்று விக்கெட் நட்டுக் கிரிக்கெட் விளையாடினோம் தம்பி. பந்து தண்ணீரில் விழுந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

#3 அணைக்கட்டு

மருதோடை பகிடியாகச் சொன்னாலும் விசயம் அதுதான். நான் நீர்ப்பாசனப் பக்கம் முப்பது வருடம் வேலை செய்தவன். சில விசயங்களைச் சொல்லலாம்.

வன்னி ஆறுகள் எல்லாம் மாரிக்கு ஓடுகிற ஆறுகள். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் ஐப்பசி பிறந்து மழை கொட்டினால்தான் ஆறு. தை கழிந்தால் மணல், அங்கங்கே மடு. ஓடுகிற நாட்களிலோ முறிந்த மரமும் பற்றையும் அடித்துக்கொண்டு வருகிற வெள்ளம், அதில் வள்ளம் விடுகிறவனுக்குப் பயித்தியம் பிடித்திருக்க வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு தெரியும்தானே. அருவியாறு மட்டும் கொஞ்சம் வேறு. தம்புள்ளைப் பக்கம் மல்வத்து ஓயாவாகத் தொடங்கி, அனுராதபுரத்தைத் தொட்டு, 164 கிலோமீற்றர் ஓடி மன்னாரில் கடலில் விழுகிறது. மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு. அதையும் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பிவிடுகிறோம்.

ஆக, "ஆற்றுப் படகு" என்ற சொல்லே இங்கே சரியாகப் பொருந்தாது. களு கங்கையிலும் களனியிலும் பாறு என்கிற தட்டைப் படகில் சாமான் ஏற்றி ஓடினார்கள், அது ஈரவலயத்துக் கதை. எங்களுக்கு ஆறு என்பது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வழி. படகு இருந்தால் குளத்தில் இருந்திருக்கும், இல்லையென்றால் கடலோரக் களப்பில்.

குளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரணைமடு இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருடத்தில் கட்டியது. வவுனிக்குளம் பழைய குளம்தான், ஆனால் பல நூற்றாண்டு உடைந்து காடாகக் கிடந்து, 1950களில்தான் திருத்திக் குடியேற்றம் வந்தது. அதற்கு முதல் அங்கே படகு விட ஆழமான தண்ணீரே இல்லை. ஆகவே உங்கள் தொட்டி படகு என்றால், ஒன்று அதற்குப் பிறகு அங்கே செய்தது. அல்லது எங்கிருந்தோ வந்தது.

#4 கொக்கிளாய்க்காரன்

அணைக்கட்டு ஐயா சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கிழக்குப் பக்கம் வந்து பாருங்கள். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், வடக்கே சுண்டிக்குளம். இந்தக் களப்புகளைச் சுற்றித்தான் எங்கள் மரக்கலம் எல்லாம். கொக்கிளாய் முகத்துவாரத்தைக் கடந்து புல்மோட்டைக்குப் போக எங்கள் அப்பு காலத்தில் தோணிதான்.

களப்பில் துடுப்பைவிட மரக்கோல்தான் அதிகம். இடுப்பளவு, நெஞ்சளவுத் தண்ணீர். பின் முனையில் நின்று கோலைச் சேற்றில் ஊன்றி, இரண்டு கையும் மாறி மாறி ஏற, உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டும். ஊன்றிய கோலைத் திருகி இழுக்காமல் நேரே இழுத்தால் சேறு பிடித்துக்கொள்ளும், வள்ளம் போய்விடும், நீங்கள் கோலோடு நடுத் தண்ணீரில் நிற்பீர்கள். எனக்குப் பத்து வயதில் நடந்தது. அப்பு திரும்பி வந்து ஏற்றுவதற்கு முதல் நன்றாகச் சிரித்து முடித்தார்.

இன்னொன்று. வெளியூர்க்காரர் தெப்பத்தையும் கட்டுமரத்தையும் வள்ளத்தையும் குழப்புகிறார்கள். தெப்பமும் கட்டுமரமும் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியவை. தண்ணீர் இடையால் ஏறி இறங்கும், அதனால் ஒருநாளும் தாழாது. வள்ளம் குடைந்தது, தண்ணீர் உள்ளே வந்தால் இறைக்க வேண்டும். வெள்ளைக்காரன் கட்டுமரம் என்ற எங்கள் சொல்லைக் கொண்டுபோய் இரண்டு உடல் சேர்த்த படகுக்கு வைத்துவிட்டான், அது வேறு கதை.

தம்பி, துளைகள் இரண்டு இடத்தில் மட்டும் கூட்டமாக இருக்கிறதா, நெடுகவும் இருக்கிறதா? இரண்டு இடத்தில் என்றால் பக்கக் கட்டை கட்டிய ஓருவ வகை. நெடுக என்றால் அதன் மேல் பலகை வைத்துத் தும்புக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள்.

#5 மருதோடை

தைப்பதா? சட்டையா அது?

#6 கொக்கிளாய்க்காரன்

ஓம், தைப்பதுதான். ஆணி அடித்த மரம் உப்புத்தண்ணீரில் துருவால் உளுத்துப்போகும். குடைந்த மரத்தின் விளிம்பில் துளை போட்டு, மேற்பலகையிலும் நேரே துளை போட்டு, இடையில் தும்பு வைத்து, கயிற்றால் இறுக்குவார்கள். பிறகு குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் துளைகளை அடைப்பார்கள். கரையில் வைத்து இழுக்கும்போதும் அலை அடிக்கும்போதும் தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், ஆணி அடித்தது வெடிக்கும். கரைவலைத் தோணிகள் அப்படித்தான் இருந்தன.

#7 தங்கூசி

படகை விடுங்கள். குளம் என்றதும் எனக்குத் தூண்டில்தான் ஞாபகம். (நெறியாளர் மன்னிக்க, இழை கொஞ்சம் விலகும்.)

முத்தையன்கட்டுக் குளத்து அலைகரையில் வளர்ந்தவன் நான். இப்போது கடையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் மிதப்பு வருகிறது, அதை நான் மதிப்பதில்லை. எங்கள் மிதப்பு மயிலிறகு. தோகையின் அடித்தண்டு, வெள்ளையாக, உள்ளே சோற்றி மாதிரி இருக்கிற பகுதி. ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு முனைக்கும் சைக்கிள் வால்வ் றியூப்பில் சின்ன வளையம் அறுத்துப் போட்டு, அதற்குள்ளால் தங்கூசியை (தூண்டில் நைலோன் நூல்) விட்டால் முடிந்தது. ஆழம் கூட்டக் குறைக்க மிதப்பை மேலும் கீழும் தள்ளினால் போதும், முடிச்சு அவிழ்க்கத் தேவையில்லை. வன்னியில் மயிலுக்கா பஞ்சம்? உதிர்ந்ததைப் பொறுக்கினால் ஒரு வருடத்துக்குக் காணும்.

ஈயம்தான் நுட்பம். மிதப்பில் ஒரு விரற்கடை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி ஈயம் வைக்க வேண்டும். அதிகம் தெரிந்தால் மீன் இழுக்கும்போது பாரம் உணர்ந்து துப்பிவிடும். இரை நாக்கிளிப்புழு, மண்புழுதான்.

பிறகு மிதப்பு பேசும். சின்னக் கெண்டை என்றால் டிக் டிக் என்று நடுங்கும், புழுதான் வீண். யப்பான் மீன் (திலாப்பியா) மெல்லப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். சிலநேரம் அது அடியில் கிடக்கிற புழுவை ஈயத்தோடு மேலே தூக்கும், அப்போது மிதப்பு தாழாமல் தண்ணீரில் படுத்துவிடும். தெரியாதவன் காற்று என்று நினைப்பான், தெரிந்தவன் அந்த நேரம் சுண்டுவான். கெளுத்தி ஒரே இழுவை, மிதப்பு காணாமல் போகும். விலாங்கு என்றால் கவலைப்படுங்கள், தங்கூசி முழுக்க அதன் வழுவழுப்பும் முடிச்சும்தான்.

விராலுக்கு இந்த வேலை சரிவராது. அதற்குத் தவளை. ஆம்பல் இலைக்கு இடையில் உயிரோடு தத்த விட வேண்டும்.

#8 வட்டக்கச்சி மகள்

தங்கூசி அண்ணா, நெட்டியை மறந்துவிட்டீர்களே. குளத்து ஓரத்தில் வளர்கிற செடி, தண்டைத் தோல் உரித்தால் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி. எங்கள் அப்பா வலைக்கும் தூண்டிலுக்கும் அதைத்தான் வெட்டுவார். கிடைச்சி என்றும் சொல்வார்கள். தண்ணீர் குடித்துப் பாரமாகிவிடும், ஒவ்வொரு நாளும் வெயிலில் காயப்போட வேண்டும். வீட்டு வேலியில் நெட்டித் துண்டுகள் மாலை மாதிரித் தொங்கும். முருக்கங்கட்டையும் பாவித்தார்.

இரவில் விடுகிற மிதவைத் தூண்டிலையும் எழுதுங்கள். வாழைத்தண்டை முழ நீளத்துக்கு வெட்டி, நடுவில் கயிறு கட்டி, உயிர்க் கெண்டையைத் தூண்டிலில் கோத்துக் குளத்தில் விட்டுவிடுவது. பத்துப் பன்னிரண்டு விட்டால் விடிய எது எங்கே போயிருக்கிறது என்று தேட வேண்டும். ஒன்று மட்டும் காற்றுக்கு எதிராக நகர்ந்தால் அதில் விரால். ஒன்று காணாமலே போனால் முதலை.

#9 தங்கூசி

சகோதரி, முதலை கொண்டுபோன வாழைத்தண்டு எண்ணிக்கையை நான் எழுதினால் நெறியாளர் இழையைப் பூட்டிவிடுவார்.

#10 நெறியாளர்

பூட்ட மாட்டேன். ஆனால் தொட்டிக்குத் திரும்புவோம்.

#11 அணைக்கட்டு

திரும்புகிறேன், யப்பான் மீன் வழியாக.

அந்த மீனுக்கும் யப்பானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆபிரிக்க மீன். 1952 இல் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது வருமுன் குளத்து மீன்பிடி என்பது தொழில் அல்ல. சித்திரை வைகாசியில் குளம் வற்றும்போது ஊரே கரப்புக் கூடையும் அத்தாங்கு வலையுமாக இறங்கும், ஒரு கிழமை விரால், குறவை, கெளுத்தி, பனையேறி என்று சட்டி நிறையும், கருவாடு போடுவார்கள், முடிந்தது. மீதி நாள் நெல்லும் மாடும். அதற்கு வள்ளம் எதற்கு? வற்றிய குளத்தில் நடந்தே பிடிக்கலாம்.

யப்பான் மீன் பெருகியதும்தான் வருடம் முழுக்கக் குளத்தில் வலை விடுகிறவன் என்று ஒருவன் உருவானான். நடுக்குளத்துக்குப் போக அவனுக்குக் கலம் வேண்டியிருந்தது. இன்று பெரிய குளங்களில் நீங்கள் பார்க்கிற, பக்கக் கட்டை வைத்த பைபர் வள்ளம், இரண்டு பேர், துடுப்பு, அந்த ஏற்பாட்டின் தொடக்கம் அதுதான். குளத்தில் எஞ்சின் இல்லை. வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதை எல்லோரும் மதிக்கிறார்கள் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

1990 இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது, 1994 இல் திரும்பத் தொடங்கியது. வன்னிக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான், வேறு பிரச்சினைகள் இருந்தன.

#12 ஊரியான்

வேறு பிரச்சினைகள் என்றால் போர்க்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை. பைபர் ஓட்டைக்குப் பூசுகிற பசைக்கும் எங்கே போவது? அந்த நாட்களில் எங்கள் பக்கம் குளத்தில் மிதந்தவை: லொறி றியூப், அதன் நடுவில் பலகை, அதன் மேல் ஒரு மனிதன். அல்லது றெஜிபோம் (பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை நுரை) துண்டுகளை உரச் சாக்கில் போட்டுத் தைத்த தெப்பம். கையில் வட்டத் தட்டு இரண்டு, அதுதான் துடுப்பு. இதையெல்லாம் எந்த அருங்காட்சியகமும் வைக்காது. ஆனால் வன்னிக் கலங்களின் வரலாறு எழுதுகிறவர் லொறி றியூப்பை விட்டுவிட்டு எழுதினால் அது அரைக் கதை.

கிளாலியையும் சொல்ல வேண்டும். ஆனையிறவுப் பாதை மூடியபின் முதலில் கொம்படி, ஊரியான் வழியாகத் தண்ணீரில் நடந்தோம். பிறகு கிளாலியில் இருந்து பூநகரிப் பக்கம் படகில். இரவில்தான். எஞ்சின் பூட்டிய ஒரு படகு முன்னே, அதன் பின்னால் கயிற்றில் கோத்த படகுகள், ஒவ்வொன்றிலும் சனம், சைக்கிள், பெட்டி. 1993 ஜனவரி 2 இரவு அந்தத் தண்ணீரில் சனம் ஏறிய படகுகளைக் கடற்படை தாக்கியது, என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். நான் அதற்கு இரண்டு கிழமை முதல் கடந்தவன். அம்மா என்னுடைய வாயைப் பொத்திக்கொண்டிருந்தா, நான் அழவே இல்லை, இருந்தும் பொத்திக்கொண்டிருந்தா.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அதே கடனீரேரியை மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் கடக்கிறேன்.

#13 பாலியாற்றான்

எல்லோருக்கும் நன்றி. ஊரியான் அண்ணை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், எழும்பி உள்ளே போய்விட்டா.

கொக்கிளாய்க்காரன் அண்ணை கேட்டதற்கு: துளைகள் நெடுகத்தான். ஒரு பக்கம் முப்பத்தொன்று, மறுபக்கம் இருபத்தொன்பது, இரண்டு வெடிப்பில் போயிருக்கும். துளைக்கும் விளிம்புக்கும் இடையில் கயிறு பதிந்த பள்ளம் இருக்கிறது, விரல் நகத்தால் தடவினால் தெரிகிறது. சில துளைகளுக்குள் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்து நெருப்பில் காட்டினேன், சாம்பிராணி மாதிரி மணத்தது.

#14 கொக்கிளாய்க்காரன்

குங்கிலியம்! தம்பி, அது வள்ளம்தான். இனி மருதோடை ஒன்றும் கதைக்க முடியாது.

#15 மருதோடை

கதைக்கிறேன். குளத்து வள்ளத்தை ஏன் தைக்க வேண்டும்? நல்ல தண்ணீரில் ஆணி அவ்வளவு கெதியாக உக்காதே. அலையும் இல்லை.

#16 ஓடாவி

நல்ல கேள்வி. நான் காரைநகரில் படகு வேலை பழகியவன், இப்போது தச்சு. அங்கே சீநோர் என்ற படகு நிறுவனம் வந்து பைபர் படகு வார்க்கத் தொடங்கியபின் எங்கள் பெரியவர்களுக்கு மரவேலை குறைந்துபோனது, அதனால் கடைசித் தலைமுறையில் கொஞ்சம்தான் எனக்குக் கிடைத்தது.

பாலியாற்றான், இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, அறுத்த முனையில் பலகைக்குப் பின்னால் உளியால் ஒரு சீவல் எடுங்கள். உள்மரம் என்ன நிறம்? இரண்டாவது, தொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். பென்சில் நுழைகிற அளவு ஓட்டைகள் இருக்கிறதா? இருந்தால் உட்சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசின மாதிரித் தெரிகிறதா?

#17 பாலியாற்றான்

நாலு பேர் பிடித்துக் கவிழ்த்தோம். படம் போட்டிருக்கிறேன். சீவல் மஞ்சளும் மண்ணிறமும், பலாமரம் மாதிரி. அடியில் ஓட்டைகள் நிறைய, முன் முனைக்குக் கிட்டத்தான் அதிகம். ஓம், உள்ளே வெள்ளையாக, முட்டை ஓடு மாதிரி. நான் இவ்வளவு நாளும் கறையான் என்று நினைத்திருந்தேன்.

#18 ஓடாவி

கறையான் சுண்ணாம்பு பூசாது. அது கடலில் மரத்தைத் துளைக்கிற பிராணி. புழு என்று சொன்னாலும் சிப்பிக் குடும்பம், தான் போகிற வழி நெடுகச் சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டே போகும். குளத்து நன்னீரில் அது வாழாது. அதற்காகத்தான் கடற்கரையில் வள்ளத்தை இடைக்கிடை கரையேற்றிக் காயவைத்து மீன் எண்ணெய் பூசுவது.

ஆக, உங்கள் தொட்டி உப்புத்தண்ணீரில் பல வருடம் கிடந்த வள்ளம். பாலியாற்றிலும் பிறக்கவில்லை, வவுனிக்குளத்திலும் பிறக்கவில்லை.

மரத்தைப் பற்றி: படத்தில் தெரிகிற நிறமும் இழையும் ஆயினி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி, பலாவின் இனம், அவர்களுடைய சுண்டன் வள்ளத்துக்கு அதுதான் மரம். அந்தளவு பருத்த ஆயினி எங்கள் வடக்கில் இல்லை. மலபார்க் கரையில் குடைந்த வள்ளங்களைப் பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் முன்பு வாங்கினார்கள். யாழ்ப்பாணம், மன்னார்க் கடற்கரைகளில் ஓடிய குடை வள்ளங்கள் பல அப்படி வந்தவை. வாங்கி வந்தபின் இங்கே மேற்பலகை வைத்துத் தைப்பார்கள்.

எங்கள் பெரியவர் நல்ல மரத்தைத் தட்டிப் பார்த்து, "இது உன்னையும் என்னையும் பார்த்துச் சிரிக்கும்" என்பார், நாங்கள் போனபின்னும் இருக்கும் என்று.

#19 அணைக்கட்டு

வவுனிக்குளக் குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தும் தீவுப்பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாலியாற்றான், உங்கள் அம்மப்பாவின் ஊர் எது?

#20 பாலியாற்றான்

இன்று அம்மாவின் சின்னம்மாவிடம் போனேன், அவவுக்கு எண்பத்தாறு வயது. தொட்டிப் படத்தை போனில் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்தவுடனே, "இது உன்ர பூட்டன்ர வள்ளம் எல்லோ, ஆர் இதை அறுத்தது?" என்று கேட்டா.

அவ சொன்னதன் சுருக்கம்: பூட்டனார் நெடுந்தீவு. ஆழமில்லாத கடலில் களங்கட்டி (மீன் அடைக்கிற வேலி) போட்டுத் திரளி மீனும் ஒட்டி மீனும் பிடித்த ஆள். இங்கே காணி கிடைத்தபோது எல்லோரும் மண்வெட்டியும் மாடும் கொண்டுவர, அவர் வள்ளத்தை லொறியில் ஏற்றி வந்தாராம். "தண்ணி இருக்கிற இடத்துக்குப் போறன், வள்ளம் இல்லாமலோ" என்றாராம். குளம் நிறைந்த முதல் மாரியில் ஊரில் அது ஒன்றுதான் கலம். யப்பான் மீன் பிடித்தார்களா என்று கேட்டேன். கொஞ்சக் காலம் பிடித்தாராம், பிறகு மேற்பலகைத் தும்பு உக்கிப்போய்விட்டது, தைக்கத் தெரிந்தவர் இங்கே எவரும் இல்லை. பலகையைக் கழற்றிக் கோழிக்கூடு அடித்தார்கள். பின் முனை உளுத்ததும் அம்மப்பா அறுத்து மாட்டுக்கு வைத்தார்.

#21 கொக்கிளாய்க்காரன்

மலபாரில் இருந்து நெடுந்தீவு, நெடுந்தீவில் இருந்து வவுனிக்குளம். என்னைவிட அதிகம் ஊர் பார்த்திருக்கிறது.

#22 ஓடாவி

தம்பி, ஒரு அவசரம். கவிழ்த்ததைக் கவிழ்த்தபடி வெயிலில் விடாதீர்கள். அறுபது வருடம் தண்ணீர் குடித்த மரம் திடீரென்று காய்ந்தால் ஒரே நாளில் வெடிக்கும். மர நிழலில், தரையில் படாமல் இரண்டு கட்டைக்கு மேல் வைத்து, ஈரச் சாக்கு போட்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காய விடுங்கள். பிறகு எண்ணெய். நான் தைமாதம் அந்தப் பக்கம் வருகிறேன், தும்புக் கயிறு கொண்டு வரட்டா?

#23 பாலியாற்றான்

கட்டாயம் வாருங்கள் அண்ணை. நிழலுக்கு மாற்றிவிட்டேன், சாக்கும் போட்டாயிற்று. மாட்டுக்கு நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று அறுத்து வைத்திருக்கிறேன். மூன்று நாளாகச் சிவலைப் பசு அதில் வாய் வைக்கவில்லை, போய் ஈரச் சாக்கை நக்கிக்கொண்டு நிற்கிறது.